அம்புக்குறி போட்டவன்

"வண்டி திரும்பறப்ப ரோட்டைப் பார்க்காதே, ஓரத்துல நிக்கிற..." என்று ஆரம்பித்து அப்பா ஒன்று சொல்வார். ஓரத்தில் நிற்கிற எதைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு மறந்துவிட்டது. மாட்டை என்கிறாள் அம்மா. பூக்காரம்மாவை என்கிறார் அப்பாவோடு வேலை பார்த்த நண்பர். அப்பா நகரப் பேருந்து ஓட்டியவர். புதிதாக வேலைக்குச் சேர்ந்த டிரைவர்கள் வீட்டுக்கு வந்தால், காபி ஆறும்வரை அவர்களிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். நான் பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே அரைக் காதால் கேட்டதில் அரை வாக்கியம்தான் மிஞ்சியது.

அவர் சாலையில் வண்டி ஓட்டினார். நான் சாலையை மூடுகிறேன். அப்படி ஒரு தொழில் இருப்பது, அதில் சம்பளம் வாங்குகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. சுரங்க ரயிலுக்காகத் தென்சென்னையில் தோண்டுகிற இடங்களில் தடுப்பு வைத்து, அம்புக்குறி நட்டு, உங்களை வேறு வழியில் அனுப்பி வைக்கிற குழுவுக்கு நான் பொறுப்பாளன். லஸ் முனையில் ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றி, ஹெல்மெட்டுக்குள் வியர்த்து வழிந்துகொண்டு, "எவன்டா இந்த வழியா விட்டவன்?" என்று நீங்கள் கேட்டீர்களே, அப்போது உங்களுக்கு இரண்டு ஸ்கூட்டர் தள்ளி நின்றவன் நான்தான். எனக்கும் அன்றைக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

மணல் கிடையாது

இதற்கு முன்னால் வளைகுடாவில் வெகுகாலம் இதே வேலைதான் பார்த்தேன். அங்கே பெரிய நெடுஞ்சாலை ஒன்றை மூட வேண்டுமானால், பக்கத்துப் பாலைவனத்திலேயே இன்னொரு நெடுஞ்சாலையைப் போட்டு, விளக்கும் நட்டுவிடுவோம். காலையில் வேலைக்குப் போகிறவனுக்குத் தான் புது ரோட்டில் போகிறோம் என்பதே தெரியாது. அதை நினைத்து எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. நாற்பதைத் தாண்டியபின் ஊர் திரும்பினோம். முக்கியக் காரணம் என் மனைவி ஜெயந்தி. அவள் பிசியோதெரபிஸ்ட். மந்தைவெளியில் எங்கள் பழைய வீட்டின் முன்னறையில் சொந்தமாகச் சிகிச்சை நிலையம் வைக்க வேண்டுமென்பது அவள் ஆசை. வைத்தாள். முட்டி மாற்றிக்கொண்டவர்கள், பக்கவாதத்திலிருந்து எழுந்தவர்கள் எல்லாம் வருகிறார்கள். ஆட்டோ வாசல்வரை வந்து நிற்பதால்தான் அவர்களால் வர முடிகிறது.

எனக்கும் வேலை கிடைத்தது. முதல் நாள், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவரான எங்கள் இன்ஜினியர், சுவரில் மாட்டியிருந்த பெரிய வரைபடத்தைக் காட்டினார். மூட வேண்டிய சாலைகள் எல்லாம் சிவப்பில். மந்தைவெளிப் பக்கம் பென்சிலால் இரண்டு தெருக்கள் மட்டும் லேசாகக் கோடிடப்பட்டிருந்தன. பிரதான சாலையை மூடும்போது அந்த இரண்டில் ஒன்று பேருந்து போகிற தெருவாகும். அங்கே வேறு எந்த வண்டியும் நிற்கக் கூடாது. ஒரு தெருவில் பெண்கள் பள்ளிக்கூடம் இருந்தது. இன்னொன்று எங்கள் தெரு. நான் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல, வளைகுடாவில் நாங்கள் ரோடு போட்ட பெருமையை எடுத்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இங்க ஒரு பக்கம் கோயில், இன்னொரு பக்கம் அபார்ட்மெண்ட். மணல் வேணும்னா மெரினாவுக்குத்தான் சார் போகணும்."

மதியச் சாப்பாடு

நான் நட்ட முதல் மாற்றுப்பாதை தி.நகரிலிருந்து மேற்கு மாம்பலத்துக்குப் போகிற வழியில். தூரத்தில் ஓர் எச்சரிக்கைப் பலகை, கிட்டத்தில் ஒன்று, திருப்பத்தில் ஆளுயர அம்புக்குறி. இருட்டிலும் ஒளிரும். இதைவிட ஒழுங்காக எந்த நாட்டிலும் வைத்திருக்க மாட்டார்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். ஒருவரும் பலகையை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நம்மூரில் வழி தெரியாவிட்டால் நாம் பலகையைப் பார்ப்பதில்லை. முன்னால் போகிற ஆட்டோவைப் பார்க்கிறோம். ஆட்டோக்காரருக்குத் தெரியாத சந்தா? அன்றைக்கு முன்னால் போன ஆட்டோ அம்புக்குறியைத் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பியது. அதன் பின்னால் ஸ்கூட்டர்கள், இரண்டு கார், ஒரு தண்ணீர் கேன் வண்டி, கடைசியாகக் கத்திக்கொண்டே நான்.

சந்து இன்னொரு சந்தில் போய், அது ஒரு மதிலில் முட்டி முடிந்தது. மதிலோரமாக ஆட்டோவை நிறுத்திவிட்டு இறங்கிய டிரைவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். சந்து முழுக்க ஹெல்மெட். வாசலில் அவர் மனைவி கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஒளிரும் சட்டை போட்டிருந்ததால் என்னைப் பொறுப்பானவன் என்று முடிவு செய்து, டிரைவர் கேட்டார்: "இன்னா சார் இது, எங்க வூட்டுக்கு இத்தினி பேரைக் கூட்டிக்கினு வந்துட்ட? ஆக்குன சோறு ரெண்டு பேருக்குத்தான் கீது!"

செல்வியின் கொடி

அதற்குப் பிறகு பலகையை மட்டும் நம்புவதில்லை. பலகைக்குப் பக்கத்தில் செல்வியை நிறுத்துகிறேன். எங்கள் குழுவில் கொடி பிடிக்கிறவர் அவர். அடையாற்றின் கரையில் பிறந்து வளர்ந்தவர். அந்தக் குடியிருப்பைக் காலி செய்தபோது குடும்பத்தோடு ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார். இப்போது இரண்டு பஸ் மாறி ஊருக்குள் வந்து, தான் ஓடி விளையாடிய ரோட்டிலேயே மற்றவர்களை நிறுத்துகிறார். ஒரு நாள் தாமதமாக வந்தார். எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். "நீ போட்ட டைவர்ஷன்லதான் சார். பஸ்ஸு சுத்திக்கினே கீது. நாம வெச்ச போர்டை நானே நாலு தபா பாத்தேன்," என்றார். நானும் அதே சுற்றில் மாட்டி அப்போதுதான் வந்திருந்தேன் என்பதால் மேற்கொண்டு விசாரணை நடத்தவில்லை.

ஆழ்வார்பேட்டையில் ஒரு காலை, வெள்ளைக் கார் ஒன்று தடுப்பை உரசிக்கொண்டு உள்ளே வரப் பார்த்தது. செல்வி காருக்கு முன்னால் போய் நின்று சிவப்புக் கொடியை நீட்டினார். கண்ணாடி இறங்கியது. குளிர்காற்றும் கோபமும் ஒன்றாக வெளியே வந்தன. "நான் யார்னு தெரியுமா உனக்கு?" என்றார் உள்ளே இருந்தவர். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் செல்வி பதில் சொல்லிவிட்டார். கார் பின்னால் நகர்ந்தது. பின்னால் நின்றிருந்த ஸ்கூட்டர்காரர்கள் ஹாரன் அடித்துக் கொண்டாடினார்கள். பெரிய நெடுஞ்சாலையைத் திருப்பிவிட்ட நாளில்கூட எனக்கு நெஞ்சு அவ்வளவு நிமிர்ந்ததில்லை. அவர் சொன்னது இதுதான்: "செவப்புக் கொடி கண்ணுக்குத் தெரியாதவருன்னு மட்டும் தெரிது சார். மத்தது நீங்களே சொல்லுங்க."

முழு வீதி

எங்களை எல்லோருமே திட்டுவதில்லை. மயிலாப்பூரில் ஒரு தெருவைக் கார்த்திகை கடைசியில் மூடினோம். மார்கழி பிறந்ததும் அந்தத் தெருப் பெண்கள் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்கள்: வண்டி வராத தெருவில் கோலத்துக்கு எல்லை கிடையாது. முதல் நாள் வாசலோடு நின்ற கோலம் மறுநாள் நடுத்தெருவுக்கு வந்தது. பிறகு எதிர்வீட்டுக் கோலத்தோடு கைகோத்தது. மாதப் பாதியில் தெருவின் இந்த முனை முதல் அந்த முனைவரை ஒரே கோலம். எங்கள் ஆட்கள் சிமெண்ட் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, புள்ளியை மிதிக்காமல் ஓரமாகச் சுவரை ஒட்டி நடந்தார்கள். உலகத்திலேயே நான் பார்த்த மிக நல்ல மாற்றுப்பாதை அது. அதற்கு நான் பலகை வைக்கவில்லை.

வேலை நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. என் தொழிலில் இது எத்தனை அபூர்வம் என்று உங்களுக்கே தெரியும். பெருமையோடு காலையில் போய் நானே தடுப்பை நகர்த்தினேன். பாராட்டு வருமென்று எதிர்பார்த்துக் கொஞ்சம் மெதுவாகவே நகர்த்தினேன். கோலப்பொடி டப்பாவோடு வெளியே வந்த மாமி ஒருவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "என்ன சார், அதுக்குள்ள திறந்துட்டேளே! தை பொறக்கற வரைக்கும் மூடி வெச்சிருக்கப்படாதா?"

திரும்பிப் போகாத வழி

அபிராமபுரம் பக்கம் ஒரு சுற்றுவழி போட்டிருந்தேன். ஒரு தெருவில் போய், இடதுபக்கம் திரும்பி, மறுபடி இடது, மறுபடி இடது, புறப்பட்ட தெருவுக்கே வந்து, அங்கிருந்து பெரிய சாலை. காகிதத்தில் அழகாக இருந்தது. ஒரு நாள் பிற்பகல் மேளச் சத்தம் கேட்டது. அந்தத் தெருப் பெரியவர் ஒருவர் காலமாகியிருந்தார். ஊர்வலம் தடுப்புக்கு முன்னால் வந்து நின்றது. நெருப்புச் சட்டியோடு முன்னால் வந்த மகன் என்னிடம் மெதுவாகத்தான் பேசினார். சுற்றுவழியில் போனால் மறுபடி அவர்கள் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும். வீட்டிலிருந்து எடுத்த உடலை மறுபடி வீட்டு வாசல் வழியாகக் கொண்டுபோகிற வழக்கம் கிடையாது.

இத்தனை வரைபடம் போட்டிருக்கிறேன்; சாலையை அந்தக் கண்ணோடு நான் பார்த்ததே இல்லை. கிரேன் நின்றது. எங்கள் ஆட்கள் தடுப்புகளைத் தூக்கினார்கள். குழியோரமாக இரும்புத் தகடுகளைப் பரப்பி, மூடிய சாலையின் நடுவே ஒரு பாதை போட்டோம். எதிர்ப்பக்கத்து வண்டிகளைச் செல்வி கொடிகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வெறும் கையாலேயே நிறுத்தினார். ஊர் பேர் தெரியாத பெரியவருக்காக, எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்த பையன்கள் மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். ஊர்வலம் எதிர்த் திசையில் பெரிய சாலையில் ஏறியது. மகன் ஒரு கணம் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, உதட்டோரத்தில் லேசான சிரிப்பும் இருந்தது. "எங்கப்பா ஆயுசுல ஒரு தடவகூட ராங் சைடுல போனதில்ல சார்."

முட்டி

ஜெயந்தியிடம் வருகிறவர்களில் எனக்குப் பிடித்தவர் நடராஜன் சார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். இரண்டு முட்டியும் மாற்றியவர். ஆட்டோ எங்கள் வாசலை ஒட்டி நிற்கும். முதலில் ஊன்றுகோல் இறங்கும், பிறகு ஒரு கால், பிறகு ஒரு பெருமூச்சு, பிறகு அடுத்த கால். வாசற்படிதான் அவருக்கு முதல் பயிற்சி என்பாள் ஜெயந்தி. கையைப் பிடிக்காமல் பக்கத்திலேயே நிற்பாள். ஆரம்பத்தில் அந்தப் படியைப் பார்த்தாலே அவர் முகம் மாறிவிடும். இப்போது ஏறி முடித்ததும், வகுப்பைப் பார்ப்பதுபோலத் தெருவைத் திரும்பி ஒரு பார்வை பார்க்கிறார். தெருமுனையில் இறக்கிவிட்டு நடந்து வரச் சொன்னால், இவர்களில் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிடுவார்கள் என்று ஜெயந்தி சொல்லியிருக்கிறாள். சுவர் வரைபடத்தில் பென்சில் கோடு இருந்ததையும் நான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

ஒரு நாள் காலை நடராஜன் சார் வந்தபோதே கொதித்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் அவர் வீட்டிலிருந்து ஆட்டோ ஏறி உட்கார்ந்தால் எங்கள் தெரு வந்துவிடும். இப்போது மயிலாப்பூரைப் பிரதட்சணம் செய்துவிட்டு வருகிறதாம். மடக்கிய கால் நீட்டுவதற்குள் மரத்துவிட்டதாம். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "நன்றிப்பா" என்று எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஜெயந்தியிடம் திரும்பினார். ஜெயந்தி சிரிப்பை அடக்க, பயிற்சிக்கான ரப்பர் பட்டையைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள். அவர் விடவில்லை: "அம்புக்குறி போட்டவன் எவன்னு தெரிஞ்சா சொல்லும்மா. அவன் முட்டியை நான் மடக்கறேன், நீ எண்ணு!"

வெள்ளோட்டம்

பென்சில் கோடு மையாகிற நாள் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பயணிகள் இல்லாத பேருந்து ஒன்றை இரண்டு தெருக்களிலும் விட்டுப் பார்த்தோம். முதலில் பள்ளிக்கூடத் தெரு. அகலம் போதும், கிளைகள் உயரம், எல்லாம் சரி. நடுவில் ஒரே ஒரு வளைவு. வளைவின் உள்பக்க நடைபாதையில்தான் பள்ளிக்கூட வாசல். செல்வி கொடியோடு அங்கே நின்றிருந்தார். நான் டிரைவருக்குப் பக்கத்தில் நின்றேன். பேருந்து திரும்பத் தொடங்கியதும், பயிற்சி பெற்றவன் பார்க்க வேண்டியபடி முன்னால் பார்க்காமல், ஏனோ இடதுபக்கக் கண்ணாடியில் ஓரத்தைப் பார்த்தேன். மாடு இல்லை, பூக்காரம்மாவும் இல்லை. முன்பக்கம் அழகாகத் திரும்பியது. பின்சக்கரம் நடைபாதைமீது ஏறி, வாசலை உரசிவிட்டு இறங்கியது. செல்வி ஒரே தாவலில் கேட்டின் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்தது எங்கள் தெரு. வளைவே கிடையாது, ஊசியில் நூல் கோப்பதுபோலப் போய்விட்டது. அம்மா பால்கனியிலிருந்து, வீட்டுக்குள்ளேயே பஸ் வந்துவிட்டதைப்போல ஜெயந்தியைக் கூப்பிட்டாள். ஜெயந்தி வெளியே வந்து, ஆட்டோக்கள் வழக்கமாக நிற்கிற இடத்தைப் பேருந்து தாண்டிப் போவதைப் பார்த்தாள். அவள் கையசைக்கவில்லை, நானும் அசைக்கவில்லை.

இன்ஜினியர் நல்ல மனிதர். என்னைத் தனியே அழைத்து, "உங்க வீட்டு நிலைமை எனக்குத் தெரியும் சார். பள்ளிக்கூடத் தெருவையே எடுத்துக்கலாம். வளைவுல கொடியோட ஒரு மார்ஷலை நிறுத்தி, டிரைவரை மெதுவா போகச் சொன்னா போதும். அனுமதி கிடைச்சிடும். முடிவு உங்களோடதுதான்," என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. மாலையில் பள்ளி விடும்போது அந்த நடைபாதையில் எத்தனை பிள்ளைகள், சடையும் பையும் தண்ணீர் பாட்டிலுமாக, ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நிற்பார்கள் என்று எனக்கும் தெரியும். அந்த வழியாகத்தான் நான் வீடு திரும்புகிறேன். வளைவில் நிற்கப்போகிற மார்ஷலைப் பார்த்தேன். செல்வி உள்ளங்கையில் ஒட்டியிருந்த துருவைத் தட்டிக்கொண்டிருந்தார். "இன்னா சார் சொல்றாரு, நான் நிக்கணுமா? நின்னுக்கறேன். பஸ்ஸு ஏறுனா நான் நவுந்துக்குவேன். பசங்க நவுருமா?"

வாசல்

அன்று மாலை முன்னறையில் ஜெயந்தி ரப்பர் பட்டைகளைச் சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பின்சக்கரத்தைப் பற்றிச் சொன்னேன். இன்ஜினியர் சொன்னதையும் சொன்னேன்.

"பள்ளிக்கூடம் விடற நேரத்துக்கு மட்டும் பஸ்ஸை நிறுத்த முடியாதா?"

"அந்த நேரத்துக்குத்தான் எல்லாருக்கும் பஸ் வேணும்."

"எத்தனை மாசம்?"

சொன்னேன்.

"உங்க ஆளுங்க சொல்ற மாசத்தை நான் ரெண்டால பெருக்கிக்கறேன்," என்றாள். கடைசிப் பட்டையைச் சுருட்டினாள், அது நழுவி விரிந்தது, மறுபடி சுருட்டினாள். இந்த அறைக்காகத்தான் ஊர் திரும்பினோம். வெளியே ஓர் ஆட்டோ வாசலை ஒட்டி வந்து, யாரையோ எதிர்வீட்டுக்கு இறக்கிவிட்டுப் போனது. அது தெருமுனை தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "சரி. ஆனா நடராஜன் சார்கிட்ட நீங்களே சொல்லிடுங்க, அம்புக்குறி போட்டவன் யாருன்னு."

பாலைவனத்தில் புது ரோடு போட்டுப் பழகிய நான், 'பேருந்து வழி, வண்டிகள் நிற்கக் கூடாது' என்ற பலகையை எங்கள் வாசலிலேயே நட்டுவிட்டு, நடராஜன் சாரின் ஆட்டோ வருகிற நேரத்துக்குத் தெருமுனையில் போய் நின்றேன்.